திரும்பி வர இடம் இருக்கிறதா?

நின்றுபோன வாகன வரிசைக்கு நடுவே பைக்கில் புகுந்து போவது பற்றி இந்த முறை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் 22 வருடமாக பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். அதற்கு முன் 6 வருடம் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அந்த நாட்களில் பாதிப் பொழுது இந்த இடுக்குகளில்தான் போனது. அதனால் பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, லைசென்ஸ் எடுத்து நான்கு மாதம் ஆகிறது. நெரிசலில் கார்களுக்குப் பின்னாலேயே நிற்கிறேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் இடையில் புகுந்து போய்விடுகிறார்கள். நான் முயன்றால் கை நடுங்குகிறது. எப்படி ஆரம்பிப்பது? – ஒரு வாசகி

இப்போதைக்கு ஆரம்பிக்க வேண்டாம். கை நடுங்குவது கோழைத்தனம் இல்லை. மெதுவாகப் போகும்போது வண்டி இன்னும் உங்கள் பிடிக்குள் வரவில்லை, அவ்வளவுதான். வேகமாகப் போனால் வண்டி தானாக நேராக நிற்கும். நடக்கிற வேகத்தில் அதை நிமிர்த்தி வைத்திருப்பது உங்கள் வேலை. நெரிசலில் தேவைப்படுவது இந்த இரண்டாவது திறமை. லைசென்ஸ் பரீட்சைக்குப் பிறகு பலர் இதைத் தொடுவதே இல்லை.

ஒரு காலி மைதானத்துக்குப் போங்கள். தண்ணீர் பாட்டில்களை எதிரெதிராக இரண்டு வரிசை, முப்பது அடி நீளத்துக்கு வையுங்கள். வரிசைகளுக்கு நடுவே உங்கள் ஹேண்டில்பார் அகலமும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாணும் இருக்கட்டும். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்டில்பார் 70 முதல் 80 சென்டிமீட்டர் வரும். உங்களுடையதை டேப் வைத்து அளந்துவிடுங்கள். சைடு கண்ணாடி அதைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் உங்கள் அகலம்.

அந்தச் சந்துக்குள் காலை ஊன்றாமல், நடக்கிற வேகத்தில் போய் வாருங்கள். கிளட்சை முழுக்க விட வேண்டாம், பாதியில் பிடித்திருங்கள். ஆக்சிலேட்டர் ஒரே அளவில் நிற்கட்டும். வேகத்தைக் குறைக்கப் பின் பிரேக்கை லேசாக அழுத்துங்கள். ஸ்கூட்டராக இருந்தால் கிளட்ச் கிடையாது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திருகிவைத்து, பின் பிரேக்கால் இழுத்துப் பிடியுங்கள். இந்த வேகத்தில் ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். என்னிடம் படிக்க வருபவர்கள் முதல் வாரம் விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

அப்புறம் கண். பாட்டிலைப் பார்த்தால் பாட்டிலில்தான் போய் இடிப்பீர்கள். சந்தின் அடுத்த முனையைப் பாருங்கள், வண்டி அங்கே போகும். ரோட்டில் கார் கண்ணாடிகளுக்கும் இதே கதைதான்.

தொடர்ந்து பத்து முறை பாட்டிலைத் தொடாமல், கால் ஊன்றாமல் போக முடிந்ததும் ரோட்டுக்கு வாருங்கள். அங்கேயும் முதல் மாதம் முழுக்க, சிக்னலில் முற்றிலும் நின்றுவிட்ட வரிசையில் மட்டும், இரண்டே இரண்டு கார்களைத் தாண்டுங்கள். தாண்டியதும் மூன்றாவது காருக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

அந்த இடைவெளி தெரியாமல் புறப்படவே கூடாது. இடுக்கு அகலமாக இருக்கிறதா என்றுதான் எல்லாரும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, வரிசை திடீரென்று நகர்ந்தால் எந்த இடத்தில் திரும்ப உள்ளே வருவேன் என்பதை. அந்த இடம் கண்ணில் படவில்லை என்றால், கார்களுக்கு நடுவே லாரியே போகிற அளவு இடம் இருந்தாலும் நான் போக மாட்டேன்.

நான் கல்லூரி மாணவன். இடையில் போகும்போது 40, 50 வேகத்தில்தான் போவேன். எல்லா வண்டியும் நின்றுகொண்டுதானே இருக்கிறது? மெதுவாகப் போனால்தான் நடுவில் மாட்டிக்கொள்வோம் என்கிறார்கள் நண்பர்கள்.

தம்பி, கணக்கைப் பார்ப்போம். ஒன்றைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கை வைக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொள். ரோடும் டயரும் நன்றாக இருப்பதாகவும் வைத்துக்கொள். மணிக்கு 15 கிலோமீட்டரில் போனால் நிற்க சுமார் 6 மீட்டர் வேண்டும். ஒரு காரின் நீளம், அதற்குமேல் கொஞ்சம். 30இல் சுமார் 14 மீட்டர், அதாவது மூன்று கார். நீ சொல்கிற 50இல் சுமார் 30 மீட்டர். ஏழு கார்! அந்த ஏழு காரில் எந்தக் கதவு திறக்கும் என்று உனக்குத் தெரியுமா?

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பார்சல் வேலையில் மூன்றாவது வருடம், சாயங்காலம். இரண்டு வரிசையும் நின்றிருந்தன, நான் நடுவே 30இல் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வேனுக்கு முன்னாலிருந்து ஒரு பெண் ரோட்டைக் கடக்க அடி எடுத்து வைத்தார். வேன் ஓட்டியவர் அவரைப் போகச் சொல்லிக் கை காட்டியிருக்கிறார். நல்ல மனதோடு காட்டிய கை. வேன் மறைத்ததில் எனக்கு அந்தக் கையும் தெரியவில்லை, அந்தப் பெண்ணும் தெரியவில்லை. பிரேக் பிடித்தேன், போதவில்லை. அவருக்கு மணிக்கட்டு முறிந்தது, ஆறு வாரம் மாவுக்கட்டு. இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. 15இல் போயிருந்தால் அவரைத் தொடும் முன்பே நின்றிருப்பேன். அந்தக் கணக்கை அன்றிரவு போட்டேன், இன்றுவரை மறக்கவில்லை.

நின்ற வரிசை என்றால் எதுவும் அசையாது என்று நினைக்காதே. வண்டிகள் நின்றதும் மனிதர்கள் நடக்க ஆரம்பிக்கிறார்கள்.

நடுவில் மாட்டிக்கொள்வது பற்றிச் சொன்னாய் இல்லையா, அதற்கு வேகம் மருந்தில்லை. ஒதுங்கும் இடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்தவன் மாட்டிக்கொள்ள மாட்டான். இன்னொன்றும் சொல்கிறேன். கலிபோர்னியாவில் 2012, 2013ஆம் ஆண்டுகளில் விபத்தில் சிக்கிய 5,969 பைக் ஓட்டுநர்களைப் பற்றி பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். அவர்களில் 997 பேர் அந்த நேரத்தில் வாகனங்களுக்கு இடையே போய்க்கொண்டிருந்தவர்கள். இடையில் போனவர்களுக்குள்ளேயே, சுற்றியுள்ள வாகனங்களைவிட எவ்வளவு வேகமாகப் போனார்கள் என்பது காயத்தில் பெரிய வித்தியாசம் செய்தது. வித்தியாசம் மணிக்கு 15 மைலைத் தாண்டியதும், அதாவது சுமார் 24 கிலோமீட்டரைத் தாண்டியதும், காயங்கள் கூடின. நான் கற்றுக்கொடுக்கும்போது அதையும் குறைத்து 15 கிலோமீட்டர் என்று வைக்கிறேன். வரிசையே 30ஐ எட்டிவிட்டால் இடையில் எனக்கு வேலை இல்லை, வரிசைக்குத் திரும்பிவிடுவேன்.

எந்தக் கார் குறுக்கே திரும்பப் போகிறது என்று முன்பே எப்படித் தெரியும்? இண்டிகேட்டரை யாருமே போடுவதில்லையே!

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இண்டிகேட்டரை நம்பி நானும் ஓட்டுவதில்லை.

முன் சக்கரத்தைப் பாருங்கள். கார் நகர்வதற்கு முன்பே சக்கரம் திரும்பிவிடும். நின்ற காரின் டயர் உங்கள் பக்கம் கோணலாக இருந்தால் ஓட்டுநர் மனதுக்குள் ஏற்கெனவே வரிசை மாறிவிட்டார். பிறகு தலை. பின் கண்ணாடி வழியாக ஓட்டுநரின் தலை தெரியும். அது சைடு கண்ணாடி பக்கம் சாய்ந்தாலோ தோளைத் திருப்பிப் பார்த்தாலோ, வேகத்தைக் குறைத்து ஒரு விரலை பிரேக்கில் வையுங்கள். அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று மட்டும் முடிவுகட்டிவிட வேண்டாம். அவர் தேடுவது காரை. உங்கள் அளவுள்ள எதையும் அவர் கண் தேடாமல் போகலாம்.

இரண்டு வரிசையில் ஒன்று நகர்ந்து மற்றது நிற்கும் தருணம் இருக்கிறதே, அதுதான் ரொம்ப மோசம். நிற்கிற வரிசையில் எரிச்சலோடு இருப்பவர்கள் நகர்கிற வரிசைக்குத் தாவுவார்கள். அவர்கள் தாவும் பாதை நீங்கள் இருக்கும் இடுக்குதான். அந்த நேரத்தில் நான் முன்னேற மாட்டேன், நகர்கிற வரிசையோடு சேர்ந்துவிடுவேன்.

காலி இடத்தைச் சந்தேகப்படுங்கள். நெருக்கமான வரிசையில் ஒரே ஒரு கார் மட்டும் தனக்கு முன்னால் இடம் விட்டு நிற்கிறதா? யாருக்கோ வழி விட்டிருக்கிறது. பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு வண்டி அந்த வழியாக மூக்கை நீட்டும், அல்லது ஒரு ஆள் நடந்து வருவார், அல்லது எதிர்ப்பக்கக் கார் குறுக்கே திரும்பும். இதில் ஒரு சங்கடம் உண்டு. நாம் ஒதுங்கி நிற்கத் தேடுவதும் இதே காலி இடத்தைத்தான். அதனால் அதை நெருங்கும்போது நடக்கிற வேகத்துக்கு இறங்கி, இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

வாடகைக் காரின் உள்விளக்கு எரிந்தாலோ பின் சீட்டில் ஆள் குனிந்து பையைத் தேடினாலோ, கதவு திறக்கப் போகிறது. பஸ் நின்றால் கேட்கவே வேண்டாம்.

தரையையும் பாருங்கள். இரண்டு வரிசைக்கு நடுவே போட்ட வெள்ளைக் கோட்டின் மீதுதான் பெரும்பாலும் ஓட வேண்டியிருக்கும். மழையில் அந்தப் பெயிண்ட் வழுக்கும். நனைந்த கோட்டில் பிரேக் பிடிக்கும் நிலை வராதபடி வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் பஸ். நடுவில் நல்ல இடம் இருக்கிறது. போகலாமா?

கூடாது.

காரணம் கேட்பீர்கள். லாரியின் பக்கவாட்டிலும் முன்மூக்குக்குக் கீழேயும் ஓட்டுநருக்குத் தெரியாத பகுதிகள் இருக்கின்றன. நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரம் முழுக்க அவருக்கு நீங்கள் இல்லவே இல்லை. டிரெய்லர் லாரி திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். காருக்கும் காருக்கும் நடுவே மாட்டினால் கண்ணாடி உடையும். இங்கே மாட்டினால் திரும்பி வர வழியே கிடையாது. பின்னால் நின்றுவிடுங்கள்.

மேடம், நான் கார் ஓட்டுகிறவன். பைக்காரர்கள் கண்ணாடியை உரசிக்கொண்டு போகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

உங்கள் கோபம் நியாயமானது. கண்ணாடியை உரசிவிட்டு நிற்காமல் போவது தவறு, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். என் மாணவர்களிடம் நான் சொல்வது, இடித்தால் ஓரமாக நிறுத்திவிட்டுப் போய்ப் பேசு என்பதுதான்.

உங்களிடம் மூன்று உதவி கேட்பேன். நின்ற நிலையில் வரிசை மாறும் முன் இண்டிகேட்டர் போட்டு, இரண்டு விநாடி கழித்து ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். கதவை, கதவுக்குத் தூரத்தில் இருக்கும் கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் வருபவர் கண்ணில் படுவார். நடந்து போகிறவருக்கு வழி விட்டால், போகச் சொல்லிக் கை காட்டும் முன் உங்கள் பக்கக் கண்ணாடியை ஒரு முறை பாருங்கள். இந்த மூன்றாவதை ஏன் கேட்கிறேன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

இப்படிப் புகுந்து போவது சட்டப்படி சரியா?

இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல் மெதுவான வாகன வரிசையில் இடையே போகும்போது கவனமும் குறைந்த வேகமும் வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2014 ஜூலையில் அனுமதித்தது. மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, முழு லைசென்ஸ் இல்லாதவர்கள் செய்யக் கூடாது. அமெரிக்காவில் கலிபோர்னியா 2016இல் சட்டம் இயற்றி ஏற்றுக்கொண்டது. யூட்டா மாநிலம் 2019இல், நின்றுவிட்ட வாகனங்களுக்கு இடையே மட்டும், மணிக்கு 15 மைலுக்குள் என்று விட்டது. அனுமதித்த இடங்களில் பெரும்பாலும் வேகத்துக்குக் கடிவாளம் போட்டிருப்பதைக் கவனியுங்கள். நீங்கள் ஓட்டும் ஊரின் விதியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். விதி கூடாது என்றால் கூடாது.

பின் சீட்டில் என் மகள் இருக்கும்போது?

அவள் ஏறியதும் வண்டியின் எடை, சாயும் விதம் எல்லாம் மாறுகிறது, அவள் முழங்கால் உங்கள் அகலத்துக்கு வெளியே இருக்கிறது. வரிசையிலேயே நில்லுங்கள். ஐந்து நிமிடம் தாமதமாகப் போகலாம்.

எனக்கு வயது 58. முப்பது வருடமாக ஓட்டுகிறேன், ஒரு நாளும் இடையில் புகுந்ததில்லை. பின்னால் வரும் பைக்காரர்கள் ஹாரன் அடித்து நெருக்குகிறார்கள். இனிமேலாவது பழக வேண்டுமா?

வேண்டியதில்லை ஐயா. பின்னால் அடிக்கிற ஹாரனுக்காக ஒருவரும் இடுக்கில் நுழையக் கூடாது. எனக்கே சில நாள் உடம்பு அசதியாக இருந்தால் நானும் கார்களுக்குப் பின்னால்தான் நிற்கிறேன்.

நிற்கிற விதம் மட்டும் முக்கியம். வரிசையின் கடைசியில் நிற்கும் பைக்குக்கு ஆபத்து பின்னாலிருந்து வரும். அந்த கலிபோர்னியா ஆய்விலும், இடையில் போனவர்களைவிட மற்றவர்கள்தான் அதிகமாகப் பின்னாலிருந்து இடிபட்டிருந்தார்கள். ஆகவே முன்னால் நிற்கும் காரின் நடுமுதுகுக்கு நேராக நிற்காமல், அதன் ஒரு ஓரத்துக்கு நேராக, ஒரு கார் நீளம் இடம் விட்டு நில்லுங்கள். வண்டி முதல் கியரில் இருக்கட்டும், கிளட்ச் கையில். பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி பின்விளக்கை மினுக்குங்கள். பின்னால் ஒரு கார் வந்து முழுதாக நிற்கும்வரை கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காதீர்கள். அது நின்றபிறகு காலை நன்றாக ஊன்றி ஓய்வெடுக்கலாம்.