புழுவுக்கு எதற்கு ஆன்டிபயாடிக்?

கேள்வி: எனக்கு 36 வயது. தஞ்சாவூர் பக்கம். விதைப்பையில் வலி என்று ஸ்கேன் எடுத்தபோது ஃபைலேரியா புழு, அதாவது யானைக்கால் புழு, நெளிவது தெரிகிறது என்றார்கள். டிஇசி மாத்திரை 12 நாள் சாப்பிட்டு முடித்தேன். இப்போது வேறொரு டாக்டர் டாக்ஸிசைக்ளின் 6 வாரம் எழுதியிருக்கிறார். முகப்பருவுக்கு என் தங்கை சாப்பிட்ட அதே மாத்திரை! சீட்டு மாறிவிட்டதா?

பதில்: சீட்டு மாறவில்லை, தைரியமாக ஆரம்பியுங்கள்.

நீங்கள் ஸ்கேனில் பார்த்த அந்த நெளிவுக்கு எங்கள் பாஷையில் 'ஃபைலேரியா நடனம்' என்றே பெயர். நூல் போன்ற பெரிய புழுக்கள் நிணநீர்க் குழாய்க்குள் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். அவை ஐந்தாறு வருடம்கூட உயிரோடு இருக்கும். டிஇசி, ரத்தத்தில் திரியும் குட்டிப் புழுக்களை நன்றாக அழிக்கும். ராத்திரி ரத்தம் எடுத்துத் தேடுவது அவற்றைத்தான். ஆனால் பெரிய புழுக்கள் எல்லாமே அதற்கு மசிவதில்லை.

அந்தப் புழுவின் உடம்புக்குள் வோல்பாக்கியா என்றொரு பாக்டீரியா குடியிருக்கிறது. 1924-ல் முதலில் கொசுவில் கண்டுபிடிக்கப்பட்டது. யானைக்கால் புழுவிலோ அது வெறும் ஒட்டுக்குடித்தனம் இல்லை. தாய்ப்புழுவின் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அது இல்லாமல் புழுவால் குட்டி போட முடியாது, நெடுநாள் பிழைக்கவும் முடியாது. டாக்ஸிசைக்ளின் புழுவை நேராகத் தொடுவதில்லை. பாக்டீரியாவைக் கொல்கிறது. முதலில் புழு மலடாகிறது, அப்புறம் மெல்லச் சாகிறது.

தான்சானியாவில் ஆண்களிடம் இதைச் சோதித்து 2005-ல் முடிவு வெளியிட்டார்கள். தினம் 200 மில்லிகிராம், 8 வாரம். 14 மாதம் கழித்து ஸ்கேன் செய்தபோது, மருந்து சாப்பிட்டவர்களில் 22 சதவீதம் பேரிடம்தான் புழு தெரிந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 88 சதவீதம். பிறகு 4 முதல் 6 வாரமே போதும் என்று தெரிந்தது. புழு சட்டென்று செத்தால் வரும் காய்ச்சலும் வீக்கமும் இதில் குறைவு. மெதுவாகச் சாவதில் அப்படி ஒரு சௌகரியம்.

அப்படியானால் அரசு ஊருக்கே மாத்திரை கொடுக்கும்போது இதையே கொடுக்கலாமே என்பீர்கள். தினமும் ஆறு வாரம் ஊரையே சாப்பிட வைப்பது நடக்கிற காரியமா? கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கும் இது ஆகவும் ஆகாது. மீதியானால் வீட்டில் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

சாப்பிடும் முறைதான் முக்கியம். என்னிடம் வந்த ஒருவர் படுக்கப்போகும் நேரத்தில் ஒரு மடக்குத் தண்ணீரில் கேப்ஸ்யூலை விழுங்கிவிட்டுப் படுத்தார். அது உணவுக்குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கி, நான்கு நாள் எச்சில் விழுங்கவே அழுதார். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், அரை மணி நேரம் படுக்காதீர்கள். பால், இரும்புச்சத்து மாத்திரை, ஜெலூசில் மாதிரி மருந்துகளை இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி வையுங்கள். வெயிலில் தோல் சீக்கிரம் கன்றும், வயலுக்குப் போனால் முழுக்கைச் சட்டை போடுங்கள்.

மாத்திரை முடிந்த மறுவாரமே ஸ்கேனுக்கு ஓடாதீர்கள், புழு அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு வருடம் கழித்துப் பாருங்கள்.