பைசாண்டைன் ஸ்கேலும் ஆறாவது தந்தியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஐந்து ஆண்டுகளாக நானே கிட்டார் கற்று வாசித்து வருகிறேன். மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர ஸ்கேல் அலுத்துப்போய், எக்ஸாட்டிக் ஸ்கேல்கள் என்று சொல்லப்படுபவற்றில் பைசாண்டைன் ஸ்கேலை எடுத்தேன். ஈ (E) ஸ்வரத்தை ஆதாரமாக வைத்து, கழுத்தில் அதை வாசிக்கும் ஐந்து பொசிஷன்களையும் மனப்பாடம் செய்துவிட்டேன். மெட்ரோனோம் 120-இல், ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரமாக, தடங்கலின்றி ஓடுகிறது. ஆனால் சொந்தமாக எதையாவது வாசிக்க உட்கார்ந்தால் மாடிப்படி ஏறி இறங்குவதுபோலவே இருக்கிறது. அந்த அரபு வாசனை வரவே இல்லை. இனி ஹங்கேரியன் மைனர் என்ற வேறொரு ஸ்கேலைக் கற்றுக்கொள்ளலாமா? இன்னொரு சிக்கல்: முதல் ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) நான்காவதுக்கு விரலை நீட்டினால் மணிக்கட்டு வலிக்கிறது.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

ஹங்கேரியன் மைனரைத் தேடிப் போக வேண்டாம். அது ஏற்கெனவே உங்கள் விரல்களில் இருக்கிறது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

பைசாண்டைன் என்றும் டபுள் ஹார்மானிக் என்றும் கிட்டார் புத்தகங்கள் சொல்லும் இந்த ஏழு ஸ்வரங்கள், கர்நாடக இசையில் 15-ஆவது மேளகர்த்தா (தாய் ராகம்) ஆன மாயாமாளவகௌளை. பாட்டு கற்கும் குழந்தை முதல் நாள் பாடுகிற சரளி வரிசை இதில்தான். இதைத் தொடக்கப் பாடமாக வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. அரிச்சுவடியாக வைப்பதற்கு ஏற்ற அமைப்பு அதற்கு உண்டு. ச-வுக்கும் ரி-க்கும் இடையில் அரை ஸ்வரம். ரி-க்கும் க-வுக்கும் இடையில் மூன்று அரை ஸ்வரம். க-வுக்கும் ம-வுக்கும் மீண்டும் அரை. பிறகு ஒரு முழு ஸ்வரம் தள்ளி, ப த நி ச அதே இடைவெளிகளில் வருகிறது. பாதியைக் கற்றவனுக்கு மறுபாதி தானாக வந்துவிடும்.

இது கிட்டாரில் எவ்வளவு அழகாக அமைகிறது என்று பாருங்கள். முதல் தந்தியில் திறந்த ஒலி, 1, 4, 5 ஆகிய ஃப்ரெட்டுகள்: ச ரி க ம. இரண்டாவது தந்தியில் அதே திறந்த ஒலி, 1, 4, 5: கீழ்ஸ்தாயி ப த நி, பிறகு ச. விரல்கள் இடம் மாறவே வேண்டாம். ஏழு ஸ்வரங்களும் இந்த இரண்டு தந்திகளில் கிடைத்துவிடுகின்றன. ஐந்து பொசிஷன்களையும் ஒரு மாதம் மறந்துவிட்டு இங்கேயே இருங்கள். ஆறாவது தந்தியின் திறந்த ஒலியும் ஈ-தான், அதுவே உங்கள் தம்புரா.

நீங்கள் சொன்ன வேகத்தில் ஒரு வினாடிக்கு எட்டு ஸ்வரங்கள் கடந்துபோகின்றன. இந்த ஸ்கேலின் உயிர் இருப்பதோ உரசலில். ஆறாவது தந்தியை மீட்டி அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே முதல் தந்தியின் முதல் ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். சுத்த ரிஷபம் சட்ஜத்தின் தோளில் இடித்துக்கொண்டு நிற்கும். காது உடனே "கீழே இறங்கு" என்று கேட்கும். இறங்காதீர்கள், நான்கு தட்டுகள் நில்லுங்கள். பிறகு காந்தாரத்துக்குத் தாவுங்கள். அந்த மூன்று ஃப்ரெட் பள்ளத்தை விரலை வழுக்கி நிரப்பிவிட வேண்டாம், அது வெற்றிடமாகவே இருக்கட்டும். இனி க-விலிருந்து ரி, ரி-யிலிருந்து ச என்று திரும்பி வாருங்கள். இந்த க ரி ச இறக்கத்தில்தான் ஸ்கேலின் முகமே தெரிகிறது. நான் முதல் வாரம் முழுக்க இந்த மூன்று ஸ்வரங்களை மட்டுமே வாசித்தேன். ஒருமுறைகூடச் சலிக்கவில்லை.

வாசிப்பதற்கு முன் பாடுங்கள். குரல் எப்படி இருந்தாலும் பாடுங்கள். விரல் பழக்கத்தின் வேகத்தில் ஓடும். குரலோ அடுத்த ஸ்வரத்தை மனத்தில் கேட்காமல் எழும்பாது. அந்தத் தாமதம்தான் உங்கள் வாசிப்பில் இல்லாதது. சரளி, ஜண்டை வரிசைகளைப் பாடி, பாடியதை அப்படியே தந்தியில் எடுங்கள். ஸஸ ரிரி கக மம என்று இரட்டித்து வரும்போது இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் கொடுங்கள். பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டு (chord) வேண்டுமென்றால் ஈ மேஜரும் எஃப் மேஜரும் போதும், இரண்டுமே இந்த ஸ்வரங்களுக்குள் அடங்கியவை.

அரபு வாசனை பற்றிக் கேட்டீர்கள். அரபு இசையில் இதற்கு நெருங்கியது ஹிஜாஸ் கார் என்னும் மகாம், அதாவது அவர்களுடைய ராகம். அங்கே மரபாக வாசிப்பவர்கள் ரி-யைச் சற்றே ஏற்றியும் க-வைச் சற்றே தாழ்த்தியும் அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் குறுக்குவார்கள். ஊது என்ற அவர்களுடைய வாத்தியத்தில் ஃப்ரெட் கிடையாது, ஆகவே விரல் விரும்பிய இடத்தில் நிற்கலாம். கிட்டாரில் க-வைத் தாழ்த்த வழியில்லை. ரி-யைத் தந்தியை லேசாக இழுத்து ஏற்றலாம். ரிஷபத்தில் ஒரு சிறு அசைவு, காந்தாரம் அசையாமல்: இந்த வேறுபாட்டைக் கொண்டுவந்தாலே ஒலி மாறிவிடும்.

இப்போது ஹங்கேரியன் மைனர். விரல்கள் அங்கேயே இருக்கட்டும், அதே 0, 1, 4, 5. ஆறாவது தந்திக்குப் பதிலாக ஐந்தாவதை மீட்டுங்கள். இதுவரை மத்யமமாக இருந்த ஏ இனி சட்ஜம். ஒரு ஸ்வரமும் மாறவில்லை, ஆனால் ராகம் மாறிவிட்டது. மேற்கில் ஹங்கேரியன் மைனர், நமக்கு 57-ஆவது மேளமான சிம்மேந்திரமத்யமம். கிரக பேதம் என்று நம் இசையில் சொல்வது இதைத்தான். சற்றுமுன் ஏக்கத்தோடு தொங்கிய ரி இப்போது தைவதமாகி, பஞ்சமத்தின் மேல் சாய்ந்து நிற்கும். ஐந்து நிமிடம் ஆறாவது தந்தி, ஐந்து நிமிடம் ஐந்தாவது தந்தி என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். வண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் எழுத்தில் காட்ட முடியாது.

மணிக்கட்டு வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிக்காதீர்கள். கட்டைவிரல் கிட்டாரின் கழுத்துக்குப் பின்னால், நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே எட்டிப் பார்த்தால் மற்ற விரல்களின் நீளம் குறைந்துவிடும். 1-க்கு ஆள்காட்டி விரல், 4-க்கு மோதிர விரல், 5-க்குச் சுண்டுவிரல் என்று வையுங்கள். மோதிர விரல் எட்டவில்லையென்றால் 4, 5 இரண்டுக்குமே சுண்டுவிரல். ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் ஃப்ரெட்டுகளின் இடைவெளி கால்பங்கு குறையும். சுருதி ஏ-க்கு உயரும், மற்ற எதுவும் மாறாது. வாரம் ஒரு ஃப்ரெட்டாகக் கேப்போவைக் கீழே இறக்கி வாருங்கள். அப்படியும் வலிக்கிற நாளில் ஆறாவது தந்தியை மட்டும் மீட்டிக்கொண்டு பாடுங்கள்.

அன்புடன்