நள்ளிரவு வெயிலில் சினிமாக் கூடாரம்

வணக்கம்.

பின்லாந்தில் ஔலுவில் படிக்கிறேன். ஜூன் மாதம் சோடன்கிலாவில் நடக்கும் மிட்நைட் சன் திரைப்பட விழாவுக்கு நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். மொத்தமே எட்டாயிரம் பேர் இருக்கும் ஊரில் அப்படி என்ன விழா? சூரியனே மறையாத இடத்தில் கூடாரத்துக்குள் படம் எப்படித் தெரியும்? நம்மூர் டென்ட் கொட்டகையில் இருட்டின பிறகுதானே முதல் ஆட்டம்? போனால் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

ச., ஔலு

அன்புள்ள ச.,

போய் வாருங்கள். ரோவனியெமி வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் 130 கிலோமீட்டர். ஊருக்குள் ரயில் கிடையாது. தங்கும் இடங்கள் குறைவு, அதனால் டிக்கெட்டுக்கு முன்னால் படுக்கையை உறுதி செய்துகொள்ளுங்கள்.

1986-ல் பின்லாந்து இயக்குநர்கள் அகி கௌரிஸ்மாகி, மிகா கௌரிஸ்மாகி, அன்ஸி மன்ட்டாரி, திரைப்பட வரலாற்றாளர் பீட்டர் வான் பாக் ஆகியோர் தொடங்கிய விழா இது. முதல் ஆண்டே அமெரிக்க இயக்குநர் சாமுவேல் ஃபுல்லர் வந்தார். பிறகு ஊரில் ஒரு தெருவுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். போட்டி கிடையாது, நடுவர் குழு கிடையாது. அதனால் விருது கிடைக்குமா என்ற பதற்றத்தோடு வரும் கூட்டமும் கிடையாது. சிறிய ஊர் என்பதுதான் இங்கே பலம். படம் எடுத்தவரும் பார்த்தவரும் அதே தெருவில்தான் சாப்பாட்டுக்கு நடக்க வேண்டும்.

இனி வெளிச்சம். ஜூன் நடுவில் அங்கே சூரியன் தாழ்ந்து தாழ்ந்து அடிவானத்துக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி மேலே வந்து, அப்படியே மறுபடி ஏறத் தொடங்கிவிடும். கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போது அல்ல, ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்குத்தான் அது மிகத் தாழ்ந்திருக்கும். இதில் கூடாரக்காரருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. உச்சி வெயில் கூரையில் விழும், அதைத் தடிமனான துணி தடுத்துவிடும். நள்ளிரவு வெயிலோ படுக்கைவாட்டில் வரும். பக்கத் துணிக்கும் தரைக்கும் இடையிலுள்ள இடுக்கு, துணிகள் சேரும் தையல், நுழைவாயில் என்று கிடைத்த வழியெல்லாம் நுழையும். தாமதமாக வருகிற ஒருவர் வாயில் துணியைத் தூக்கினால் போதும், திரையில் கறுப்பு சாம்பல் நிறமாகிவிடும். பகல் காட்சிகள் அதிகமுள்ள படம் இதைத் தாங்கும். இருட்டிலேயே நகரும் கறுப்பு வெள்ளைப் படம் தாங்காது. அப்படிப்பட்டது கூடாரத்திலும் ஊரிலுள்ள லாபின்சூ தியேட்டரிலும் போடப்பட்டால், தியேட்டருக்கே போங்கள்.

கண்ணும் ஒரு காரணம். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவரின் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். "படம் மங்கல்" என்று புரொஜெக்டரைக் குறை சொல்பவர்களில் பாதிப்பேர் கடைசி நிமிடத்தில் ஓடி வந்தவர்கள். கால் மணி நேரம் முன்னதாக உள்ளே போய் உட்காருங்கள்.

35 மில்லிமீட்டர் ஃபிலிம் பிரதியில் ஓடும் படம் ஒன்றையாவது பார்த்துவிடுங்கள். ஒரு ரீல் சுமார் இருபது நிமிடம். நூறு நிமிடப் படம் ஐந்தாறு ரீலில் வரும். ஆவணக் காப்பகங்கள் பொதுவாகத் தங்கள் பிரதியை வெட்டி ஒட்டி ஒரே சுருளாக்க விடுவதில்லை. ஆகவே இரண்டு புரொஜெக்டர் வைத்து மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ரீல் முடிய எட்டு நொடி இருக்கும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், நான்கே ஃபிரேம். ஆபரேட்டர் அடுத்த மெஷினின் மோட்டாரைப் போடுவார். ஏழு நொடியில் இரண்டாவது புள்ளி. அந்தக் கணத்தில் ஒன்றை மூடி மற்றதைத் திறக்க வேண்டும். பழைய பிரதியில் ரீல் ஓரம் தேய்ந்து, அறுந்து, ஒட்டி ஒட்டிப் புள்ளியே காணாமல் போயிருக்கும். அப்போது ஒரு வசனம் பாதியில் தொங்கும், அல்லது வெள்ளைத் திரை பளிச்சிடும். கோபப்படாதீர்கள்.

மௌனப் படங்களை நேரடி இசையோடு காட்டுவதும் இவர்கள் வழக்கம். அவற்றில் பல நொடிக்கு 16 முதல் 22 ஃபிரேம் வேகத்துக்கு எடுக்கப்பட்டவை. நொடிக்கு 24 ஃபிரேமில் ஓட்டினால் எல்லோரும் பேய் பிடித்தது போல் ஓடுவார்கள். சரியான வேகத்தில் நடிகர்கள் மனிதர்களைப் போல நடப்பதைப் பார்க்கும்போதுதான் அந்தக் காலத்துச் சினிமாவை நாம் எவ்வளவு காலம் கேலிப்படமாகவே பார்த்துவந்தோம் என்று தெரியும்.

எதை விடக்கூடாது என்றால், காலை பத்து மணி உரையாடல். 2014-ல் இறக்கும் வரை வான் பாக் அதை நடத்தினார். வாழ்க்கையில் பார்த்த முதல் படம் எது என்பதுதான் விருந்தினரிடம் கேட்கும் தொடக்கக் கேள்வி. ஆளில்லாத தீவுக்கு ஒரே படம் கொண்டு போகலாம் என்றால் எது என்பது இன்னொன்று. காட்சிகள் இரவெல்லாம் ஓடுவதால் விடிய விடியப் பார்த்துவிட்டு இதில் தூங்கிவிழுபவர்களே அதிகம். வெளிச்சத்தில் உடம்புக்கு நேரம் தெரியாது, நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். நாளுக்கு மூன்று படம் போதும். முதலில் உரையாடலைக் குறித்துக்கொண்டு, அந்த இயக்குநரின் படத்தை அதற்கு முந்தைய நாள் பாருங்கள். புதுப் படங்களை விட்டுவிடலாம். அவை ஔலுவுக்கே வரும்.

துணைத்தலைப்பு எந்த மொழியில் என்பதை நிகழ்ச்சி நிரலில் பாருங்கள். பின்லாந்தின் பழைய பிரதிகளில் ஃபின்னிஷும் ஸ்வீடிஷும் இரண்டு வரியாக ஓடும், ஆங்கிலம் இருக்காது. கண்ணை மூடிக் கட்ட ஒரு துணி, கொசுவுக்கு முழுக்கைச் சட்டை, கூடாரத்துக்குள் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை, இவற்றை மறக்க வேண்டாம்.