ஆவணப்படத்துக்கும் வரலாற்றுப் படத்துக்கும் என்ன வித்தியாசம்?

நிஜ ஆட்களையும் பழைய பதிவுகளையும் வைத்துச் செய்வது ஆவணப்படம். நடந்ததை நடிகர்களை வைத்துத் திரும்ப நடத்திக் காட்டுவது வரலாற்றுப் படம். சரி, ஆவணப்படம் என்றால் முழு உண்மையா? காசு போட்டது யார் என்று பாருங்கள். 1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' என்ற, இலங்கையைப் பற்றிய ஆவணப்படத்துக்குப் பணம் தந்தது தேயிலைப் பிரசாரச் சபை. தேயிலை விற்க வேண்டுமே!

நம் தேயிலைத் தோட்டத்து செக்ரோல், அதாவது வேலைக்கு வந்தவர்களின் பேர்ப் பதிவேடு மாதிரிதான். அரைப்பேரா முழுப்பேரா (அரைநாள் சம்பளமா முழுநாள் சம்பளமா), எத்தனை கிலோ கொழுந்து என்பதெல்லாம் அதில் இருக்கும். அட்டை கடித்து ரத்தம் வழிந்த கால் இருக்காது. அதற்காக செக்ரோல் பொய்யில்லை, எழுதியவர் கணக்குப்பிள்ளை, அவ்வளவுதான்.

அப்புறம், கறுப்பு வெள்ளையில் கெமரா ஆடினாலே நிஜப் பதிவு என்று நினைத்துவிட வேண்டாம்: அல்ஜீரிய விடுதலைப் போராட்டத்தைக் காட்டும் 1966இன் 'பேட்டில் ஒஃப் அல்ஜியர்ஸ்' அப்படித்தான் தெரியும், ஆனால் அத்தனையும் நடித்து எடுத்த காட்சிகள்.