வேலை நேரத்தில் புகை, நடு இரவில் மூச்சுத்திணறல்: இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 40. கோவையில் ஒரு நகைப் பட்டறையில் ஒன்பது வருடமாக வேலை, சம்பளம் 18,000 ரூபாய். மொத்தம் ஏழு பேர், இஎஸ்ஐ கிடையாது. 2025 ஜூலையில் ஒரு நாள், பழைய தங்கத்தைத் திராவகத்தில் போட்டபோது அறை முழுக்கச் செம்பழுப்புப் புகை. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை. மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு வேலையை முடித்திருக்கிறார். லேசான இருமலோடு வந்து, சாப்பிட்டுப் படுத்தவருக்கு இரவு இரண்டு மணிக்கு மூச்சு விட முடியவில்லை. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. இன்னமும் மாடிப்படி ஏறினால் இளைக்கிறது. “வீட்டில் வந்த நோய்க்கு நான் பொறுப்பா? மாஸ்க்கும் போடவில்லை” என்கிறார் முதலாளி. 40,000 ரூபாய் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘நிமோனியா’ என்று இருக்கிறது. இனி ஏதாவது செய்ய முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முடியும். முதலாளி தனக்குச் சாதகம் என்று நினைக்கிற அந்த இரவு இரண்டு மணிதான் உங்கள் வழக்கின் பலம்.

பட்டறையில் திராவகம் என்பது நைட்ரிக் அமிலம். தங்கத்தை விட்டுவிட்டு, அதில் கலந்திருக்கும் செம்பையும் வெள்ளியையும் கரைக்கும். அப்போது எழுகிற செம்பழுப்புப் புகைதான் நைட்ரஜன் டை ஆக்சைடு. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் புகை என்றால் மூக்கில் ஏறியதுமே ஆளை வெளியே விரட்டிவிடும். இது அப்படியில்லை. தண்ணீரில் சுலபமாகக் கரையாததால் மூக்கையும் தொண்டையையும் பெரிதாக எரிக்காமல் நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும். பல மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோக்கும். சாயங்காலம் நன்றாக இருந்தவர் நடு இரவில் திணறுவது இந்த விஷத்தின் குணம். ஈரத் துண்டு இதைத் தடுக்காது. தேறியவர்களில் சிலருக்குச் சில வாரங்களில் சிறு மூச்சுக்குழல்கள் அடைபடுவதும் உண்டு; ஆகவே மனுவுக்கு முன்னால் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.

சட்டத்துக்கு வருவோம். பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923-இன் மூன்றாம் அட்டவணை, ‘ஏ’ பகுதியில் நைட்ரஸ் புகை (நைட்ரஜன் டை ஆக்சைடு கலந்த இதே புகைதான்) நச்சு தொழில்சார் நோயாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் புகையில் வேலை செய்தவருக்கு அந்த நோய் வந்தால் அது வேலையில் ஏற்பட்ட காயம். எந்தக் கூரைக்குக் கீழே மூச்சுத் திணறியது என்பது கேள்வியே இல்லை. இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பாடு. 2025 நவம்பர் 21-இல் இந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது; ஆனால் சம்பவம் அதற்கு முந்தையது என்பதால் பழைய சட்டத்தின் கீழேயே கேட்கலாம். மின்சாரம் ஓடுகிற பட்டறை என்றால் ஏழு பேர் இருந்தாலும் சட்டம் பொருந்தும்.

மாஸ்க் வாதம் நிற்காது. கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே ஒதுக்கியிருந்தால்தான் அது முதலாளிக்கு உதவும். இங்கே ஃபேனே ஓடவில்லையே!

கையெழுத்துப் போட்ட தாளை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 17-ஆம் பிரிவின்படி செல்லாது. வாங்கிய 40,000-ஐக் கழிக்கச் சொல்லி அவர் கேட்கலாம், அவ்வளவுதான்.

தொகை எவ்வளவு வரும்? சம்பளம் 18,000 என்றாலும் கணக்குக்கு 15,000 தான் உச்சவரம்பு. அதில் 60 சதவீதம் 9,000. வயதுக்கு ஏற்பச் சட்டம் தரும் பெருக்கு எண் (காரணி) 40 வயதுக்கு 184.17. பெருக்கினால் 16,57,530, இது முழு ஊனத்துக்கு. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போய்விட்டது என்று மருத்துவர் மதிப்பிட்டால் 4,97,259 ரூபாய். சிகிச்சைச் செலவு தனி. பில் அத்தனையும் பத்திரமாக வையுங்கள். ஒரு மாதத்துக்குள் கொடுக்காததற்கு 12 சதவீத வட்டி உண்டு, தகுந்த காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம்.

எனக்கு உறுத்துவது அந்த ‘நிமோனியா’ ஒன்றுதான். சேர்த்த இரவில் டாக்டரிடம் யாரும் புகையைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார்கள், இல்லையா? அட்மிஷன் குறிப்பு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். நுரையீரல் மருத்துவரிடம் அன்றைய வேலையை நேரத்தோடு விவரித்து, ஊதிப் பார்க்கும் பரிசோதனையும் செய்து, காரணத்தைச் சான்றிதழில் எழுதித் தரச் சொல்லுங்கள். அன்று உடனிருந்தவர்களில் ஒருவராவது சாட்சி சொன்னால் நல்லது.

முதலில் முதலாளிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ், அப்புறம் தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு. வேலைக்குப் போக முடியாமல் போன முதல் நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். அதாவது 2027 ஜூலையில் அதே தேதிக்குள் மனு போய்விட வேண்டும்; மாதக் கடைசி வரை காத்திருக்காதீர்கள்.