தொழுவக் கழிவுநீரில் ஆன்டிபயாடிக் எச்சம்: சென்சாரால் கண்டுபிடிக்கலாமா?

கேள்வி: மாட்டுத் தொழுவம் கழுவும் தண்ணீரைத் தீவனப்புல்லுக்குப் பாய்ச்சுகிறோம். மடிநோய்க்கு அடிக்கடி ஆன்டிபயாடிக் போட வேண்டியிருக்கிறது. அந்த மருந்து தண்ணீரில் இருக்கிறதா என்று மின்வேதி சென்சார் வைத்து நாங்களே பார்க்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். ஆனால் தொட்டித் தண்ணீரில் நேரே முக்கி வரும் எண்ணை நம்பிவிடாதீர்கள்.

சென்சார் பட்டையில் மூன்று மின்முனைகள் இருக்கும். மின்னழுத்தம் கொடுத்ததும், மின்முனையைத் தொடும் மருந்து மூலக்கூறு எலக்ட்ரானை இழக்கும் அல்லது வாங்கும். டெட்ராசைக்ளினும் சல்ஃபா மருந்துகளும் இழப்பவை; குளோராம்ஃபெனிகால் வாங்கும். அப்போது ஓடும் மின்னோட்டத்தைத்தான் கருவி அளக்கிறது. சாணமும் மூத்திரமும் கலந்த தண்ணீரில் வினைபுரியும் பொருள்கள் வேறு பலவும் உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை, புரதமும் மட்கிய கழிவும் மின்முனை மேல் படிந்து மூடிவிடுவது. மருந்து இருந்தும் ‘இல்லை’ என்று காட்டும். எனக்குக் கவலை தருவது இதுதான்.

ஆகவே தண்ணீரை வடிகட்டி, தாங்கல் கரைசல் (அமில-காரத் தன்மை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) கலந்து அளக்க வேண்டும். பிறகு அதே மாதிரியில் தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்து மறுபடி அளந்து, எண் அதற்கேற்ப ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் முதல் அளவையும் தள்ளிவிடுங்கள். ஒரே மருந்தைப் பிடிக்கும் பூச்சுள்ள பட்டைகளும் உண்டு. அவற்றுக்கு நீங்கள் எந்த மருந்து போட்டீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். சிகிச்சைக் குறிப்பேடு இல்லாமல் கருவி வாங்கிப் பயனில்லை. முடிவை உறுதி செய்ய ஆய்வகத்தில் திரவ குரோமட்டோகிராஃபியும் (கலவையிலுள்ள பொருள்களைப் பிரிக்கும் முறை) நிறை நிறமாலைச் சோதனையும் (மூலக்கூறின் நிறையை வைத்து அடையாளம் காணும் முறை)தான் வழி.

எங்கே மாதிரி எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சல்ஃபா தண்ணீரோடு ஓடும். டெட்ராசைக்ளின் சாணத்திலும் மண்ணிலும் ஒட்டிக்கொள்ளும். மேல்தண்ணீர் சுத்தமாகத் தெரியும்போதே அடிவண்டலில் அது தங்கியிருக்கலாம். பென்சிலின் தண்ணீரில் சிதைந்துவிடும் என்பதால், பழைய மாதிரியில் தேடுவது வீண்.

கருவிக்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மடிக்குள் ஏற்றிய மருந்தின் பெரும்பகுதி பாலோடுதான் வெளியே வரும். விலக்குக் காலத்தில், அதாவது மருந்து போட்டபின் பாலைப் பயன்படுத்தக் கூடாத நாட்களில், கறக்கும் அந்தப் பாலை வடிகாலில் கொட்டாதீர்கள், கன்றுக்கும் கொடுக்காதீர்கள். எப்படி அப்புறப்படுத்துவது என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சையிலுள்ள மாட்டின் சாணத்தைத் தனியே குவித்து, உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும்படி மட்கவையுங்கள். டெட்ராசைக்ளின் நன்றாகக் குறையும். எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது.

மடிநோய் அடிக்கடி வருகிறது என்கிறீர்களே, அடுத்த ஊசிக்கு முன் பாலை நுண்ணுயிர்ச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.