என்னை அப்படியே நகல் எடுத்தால், அந்த நகலும் நான்தானா?

ஓர் இயந்திரம் நம் உடம்பை அணு பிசகாமல் படியெடுத்து வேறோர் இடத்தில் உருவாக்கினால், அங்கே எழுந்து நிற்பது யார் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு எங்கள் வீட்டு வத்தைதான், அதாவது மீன்பிடிப் படகுதான், ஞாபகம் வருகிறது.

தொண்டிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா இறந்தபின் அவருடைய வத்தையை அண்ணன் ஓட்டினான். வருஷத்துக்கு இரண்டு மூன்று பலகை என்று உளுத்ததை மாற்றிக்கொண்டே வந்து, கடைசியில் ஏரா என்கிற அடிக்கட்டையையும் மாற்றினான். கழற்றிப் போட்டதை எல்லாம் சித்தப்பா கொல்லையில் அடுக்கி வைத்திருந்தார். விறகுக்கு என்று நினைத்தோம். அவரோ உளுத்த முனைகளை அறுத்து எறிந்துவிட்டு, ஆசாரியை வைத்து அதிலேயே ஒரு சின்ன வத்தை கட்டிவிட்டார்.

தண்ணீரில் இறக்கிய அன்று தகராறு. எது அப்பா வத்தை? பதிவு எண் அண்ணனுடையதில். அப்பா காலத்தில் ராந்தல் சாய்ந்து கருகிய வட்டம் சித்தப்பாவுடையதன் உள்பக்கத்தில். அப்பாவின் ராசி மரத்தோடு போனதா, பேரோடு நின்றதா? கரையில் இரண்டிலும் பட்ட நண்டை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள்கூட உண்டு. (இரண்டிலும் சுமாராகத்தான் பட்டது.)

பலகை பலகையாக மாற்றிய, கதை வீரன் தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்பது கிரேக்கர்களின் பழைய புதிர். கழற்றிய பலகைகளைக் கோத்து இன்னொன்று கட்டினால் என்னாகும் என்ற வம்பை 1655-ல் சேர்த்தவர் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ். சித்தப்பாவுக்கு ஹாப்ஸ் யாரென்று தெரியாது.

படகென்றால் பேசித் தீர்த்துவிடலாம், அது தன்னைப் பற்றி ஒன்றும் நினைப்பதில்லை. மனிதன் நினைக்கிறானே. நினைவு தொடர்ந்தால் அதே ஆள் என்றார் இன்னொரு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக். நகலுக்கும் என் நினைவு முழுக்க இருக்கும், சரி. அப்படியானால் அவன் சாப்பிட்டால் எனக்குப் பசி அடங்க வேண்டுமே! கண் விழித்த மறுநொடியே அவன் பார்க்கும் சுவர் வேறு, நான் பார்க்கும் சுவர் வேறு. அவனும் தன்னை அசல் என்று நம்பி இதே பதிலை எழுதுவான்.

தெரியாத ஒரு குவாண்டம் நிலையை, அதாவது அணு அளவில் ஒரு துகள் இருக்கும் நிலையை, அச்சு அசலாகப் படியெடுக்க முடியாது என்று 1982-ல் நிறுவிவிட்டார்கள், ஆகவே கேள்வியே செல்லாது என்று சிலர் நழுவப் பார்ப்பார்கள். நினைவும் குணமும் அவ்வளவு நுணுக்கத்தில் ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முக்கால்வாசி ஒத்துப்போனாலே புதிர் வந்துவிடும்.

தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984-ல் எழுதியதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. அவர் கற்பனையில், செவ்வாய்க் கிரகத்தில் நகல் எழுந்துவிட்டான். பூமியில் இருப்பவன் அழியவில்லை, ஆனால் இயந்திரக் கோளாறில் இருதயம் கெட்டு, சில நாளில் சாகப்போகிறான். நானா அவனா என்பது பெரிய விஷயமே இல்லை, மனத்தின் தொடர்ச்சி இருந்தால் பிழைத்ததற்குக் கிட்டத்தட்டச் சமம் என்கிறார் பார்ஃபிட்.

பாதிதான் ஒப்புக்கொள்வேன். வெளியே இருப்பவர்களுக்கு அது போதும். வலைக்கு வாங்கிய கடனை அவன் அடைப்பான், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவான், வித்தியாசமே தெரியாது. சாகப்போகிறவனுக்கும் அது ஆறுதல்தான். ஆனால் அது அண்ணனைப் பார்த்து அப்பாவுக்கு இருந்த ஆறுதல் மாதிரி, வேண்டுமானால் அதைவிடக் கொஞ்சம் கூட. வாடைக்காற்றில் வத்தை கவிழ்ந்தால் உப்புத்தண்ணீர் ஏறுவது என் மூக்கில். செவ்வாயில் ஒருவன் நிம்மதியாக மூச்சு விடுவதால் அது இறங்கிவிடாது. ஆக என் பதில்: அவன் நானில்லை. என் வேலைகளை எல்லாம் என்னைப் போலவே செய்யத் தெரிந்த இன்னொருவன்.

சித்தப்பாவின் வத்தை போன மழைக்காலத்தில் உடைந்துபோனது. அந்தக் கருகிய பலகையை மட்டும் அம்மா கேட்டு வாங்கி வந்து, அடுப்படியில் தண்ணீர்க்குடம் வைக்கப் போட்டிருக்கிறார். காலையில் அண்ணன் வர நேரமானால், அந்தக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டே என்னைக் கேட்பார்: “உங்கப்பா வத்தை இன்னும் கரைக்கு வரலையாடா?”